உங்கள் கேட்வே செத்துப்போனால் உங்களிடம் யார் சொல்வது? எம்க்யூடிடியில் பலரும் காலியாக விடும் பெட்டி

[திரையில்: மொட்டைமாடித் தொட்டி. மூடியின் ஓரமாகத் தண்ணீர் வழிகிறது.]

விடிகாலை ஐந்தரைக்கு மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. ஏழரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டைத் தட்டினார். "தம்பி, உங்க தொட்டித் தண்ணி எங்க மாடிப்படியில ஓடுது, மோட்டார நிறுத்துப்பா."

போனை எடுத்துப் பார்த்தேன். நீர்மட்டம் 40 சதவீதம் என்று காட்டியது. மேலே போய்ப் பார்த்தால் தொட்டி நிரம்பி வெகு நேரம் ஆன மாதிரி வழிந்துகொண்டிருக்கிறது. சென்சார் சரியாகத்தான் இருந்தது, வைஃபையிலும் கோளாறு இல்லை. சென்சார் சொல்வதை வாங்கி வைஃபை வழியாக அனுப்பும் பெட்டிதான் கேட்வே, அதன் மின் அடாப்டர் முந்தின நாள் இரவே செத்துவிட்டது. அது செத்த விஷயத்தை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்வேயின் எம்க்யூடிடி, அதாவது சின்னக் கருவிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை, அதன் செட்டிங்ஸில் ஒரு பகுதியை நான் காலியாக விட்டிருந்தேன். இன்றைய வீடியோ அந்தக் காலிப் பகுதியைப் பற்றியது. வீட்டில் கேட்வே வைத்திருப்பவர்கள் கடைசி வரை இருங்கள், இன்றைக்கே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது.

முதலில் அடிப்படை, வேகமாகப் போய்விடலாம்.

எம்க்யூடிடியில் கருவிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு புரோக்கர் உண்டு. வீடு பார்த்துக் கொடுக்கும் புரோக்கரை நினைத்துக்கொள்ளுங்கள், வேலை ஏறக்குறைய அதுதான். வீட்டுக்காரர் தன்னிடம் இருப்பதைச் சொல்லி வைக்கிறார், தேடுபவர் தனக்கு வேண்டியதைச் சொல்லி வைக்கிறார், இரண்டு பேரும் கடைசி வரை முகம் பார்த்துக்கொள்வதில்லை. கேட்வே ஒரு டாபிக்கில், அதாவது ஒரு தலைப்பின் கீழ், செய்தியை அனுப்பும். அந்த டாபிக்கைக் கேட்டு வைத்தவர்கள் எல்லாருக்கும் புரோக்கர் அதைக் கொடுத்துவிடும். இந்தப் புரோக்கர் கமிஷனும் கேட்காது.

1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவாக்கியது இது. ஆளில்லாத இடத்தில் கருவி, செயற்கைக்கோள் வழியாக இணைப்பு, அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. அதனால்தான் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லும் செய்தி வெறும் 2 பைட். 2014-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு இதைத் தரமாக ஏற்றது, 2019-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

புரோக்கருக்கு நான் வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் மஸ்கிட்டோ என்ற மென்பொருள். இதில் எல்லாரும் முதலில் மாட்டுவது ஒரே இடத்தில். 2.0 பதிப்பிலிருந்து, நாமாகச் சொல்லாவிட்டால் மஸ்கிட்டோ தான் ஓடும் கணினிக்குள் மட்டும்தான் காது கொடுக்கும். வெளியிலிருந்து கேட்வே எத்தனை தடவை தட்டினாலும் கதவு திறக்காது. கான்ஃபிக் ஃபைலில் லிசனர் 1883 (எந்தப் போர்ட்டில், அதாவது எந்தக் கதவில் கேட்க வேண்டும்) என்று ஒரு வரி, அனானிமஸ் அனுமதி ஃபால்ஸ் (பெயர் சொல்லாதவருக்கு இடமில்லை) என்று ஒரு வரி, பாஸ்வேர்டு ஃபைல் இருக்கும் இடம் ஒரு வரி. மூன்றும் திரையில் இருக்கின்றன, நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். ரவுட்டரில் ராஸ்பெர்ரி பைக்கு மாறாத ஒரு ஐபி முகவரி கொடுத்துவிடுங்கள். 1883-ஐ இணையத்துக்குத் திறந்து விடவே விடாதீர்கள், அந்த வழியில் பாஸ்வேர்டு பூட்டில்லாமல் போகிறது. வெளியிலிருந்து வேண்டும் என்றால் டிஎல்எஸ் என்ற பூட்டைப் போட்டு 8883 போர்ட், இல்லாவிட்டால் விபிஎன் என்ற தனிவழி.

[திரையில்: கேட்வேயின் எம்க்யூடிடி பக்கம்.]

இனி கேட்வே. சர்வர் முகவரி, போர்ட், பயனர் பெயர், பாஸ்வேர்டு. அப்புறம் கிளையன்ட் ஐடி, அதாவது கேட்வே புரோக்கரிடம் சொல்லும் தன் அடையாளப் பெயர். இது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருந்தே ஆக வேண்டும். ஒரே ஐடியில் இரண்டு கேட்வே வந்தால் புரோக்கர் புதிதாக வந்ததை உள்ளே விட்டு, பழையதை வெளியே தள்ளும். பழையது திரும்ப வந்து புதியதைத் தள்ளும். சில நொடிக்கு ஒரு தடவை இணைப்பு வந்து வந்து போகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

டாபிக் பெயர் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்க்யூடிடி டாபிக் முழுக்க யூடிஎஃப்-8, எல்லா மொழி எழுத்தையும் எழுதக்கூடிய குறியீட்டு முறை. அதாவது வீடு/மாடி/தொட்டி/நீர்மட்டம் என்று தமிழிலேயே வைக்கலாம்! வைத்துப் பார்த்தேன், ஜம்மென்று ஓடுகிறது. "வீடு" என்ற சொல் 12 பைட் பிடிக்கும், நம் வீட்டு வைஃபைக்கு அது ஒரு பாரமே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். "தொட்டி"யில் வரும் கொம்பும் காலும் சேர்ந்த அந்த ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். புரோக்கருக்கு அவை இரண்டு வேறு டாபிக். ஒரு இடத்தில் தட்டச்சு செய்ததையே மற்ற இடங்களிலும் காப்பி செய்து ஒட்டுங்கள், பிரச்சினை வராது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்தின் அடியில், பல கேட்வேக்களில் "அட்வான்ஸ்டு" என்ற பட்டனுக்குப் பின்னால், வில் டாபிக், வில் மெசேஜ், வில் ரீட்டெயின் என்று பெட்டிகள் இருக்கும். வில் என்றால் இங்கே உயில். நிஜமாகவே உயில்தான், முழுப் பெயரே லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட். இந்த யோசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கேட்வே புரோக்கரிடம் வந்து முதல் வணக்கம் சொல்லும்போதே, "நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை இந்த டாபிக்கில் என் பெயரில் போட்டுவிடு" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. கரண்ட் போனபின் அதனால் பேச முடியாது, அதனால் பேச முடிகிறபோதே எழுதி வைக்கிறது. பதிவாளர் ஆபீஸில் உயிலைப் பதிந்துவிட்டு வருகிற பெரியவர்களைப் போலத்தான்.

கேட்வே போய்விட்டது என்று புரோக்கருக்கு எப்படித் தெரியும்? கீப் அலைவ் என்ற எண்ணால். அது 60 நொடி என்றால், பேச ஒன்றுமில்லாவிட்டாலும் 60 நொடிக்குள் அந்த 2 பைட்டைக் கேட்வே அனுப்ப வேண்டும். அதைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 90 நொடி சத்தமே இல்லை என்றால் புரோக்கர் இணைப்பை வெட்டி, உயிலைப் படித்துவிடும்.

என் வீட்டில் நடந்தது இப்போது புரியும். 40 சதவீதம் என்ற கடைசிச் செய்தி ரீட்டெயின் போட்டு அனுப்பியது. அப்படி அனுப்பினால் புரோக்கர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும். ரீட்டெயின் நல்ல வசதிதான். ஆனால் உயில் இல்லாத வீட்டில் அது போனவருடைய பழைய கடிதத்தை இன்றைய கடிதம் மாதிரி நீட்டுகிறது. நீர்மட்டம் 90 சதவீதம் வந்தால் நிறுத்து என்று காத்திருந்த மோட்டாருக்கு அந்த 90 வரவே இல்லை.

[திரையில்: மேசை. கேட்வே, லேப்டாப், போனில் ஸ்டாப்வாட்ச்.]

சரிசெய்தது இப்படி. வில் டாபிக்: வீடு/மாடி/கேட்வே/நிலை. செய்தி: "இல்லை". க்யூஓஎஸ் 1 (ஒரு தடவையாவது போய்ச் சேர வேண்டும் என்ற நிலை), ரீட்டெயின் ஆன். இதற்கு ஜோடியாக, கேட்வே இணைந்ததும் அதே டாபிக்கில் "இருக்கிறேன்" என்று ரீட்டெயினோடு அனுப்ப வேண்டும். ஜோடி இல்லாமல் உயிலை மட்டும் வைத்தால், கேட்வே திரும்ப எழுந்து வந்த பிறகும் "இல்லை" அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கருவிகளுக்குள் போடும் தாஸ்மோட்டா என்ற மென்பொருளில் இந்த ஜோடி தானாகவே வருகிறது, எல்டபிள்யூடி (லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்டின் சுருக்கம்) என்ற டாபிக்கில் ஆன்லைன், ஆஃப்லைன் என்று பார்க்கலாம். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் நடத்தும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளும் தன் பங்குக்கு இதையே செய்கிறது.

இனிச் சோதனை. லேப்டாப்பில் எல்லா டாபிக்கையும் கேட்கும்படி ஹேஷ் குறியை மட்டும் போட்டுத் திறந்து வைத்தேன். கேட்வேயின் பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. பத்து நொடி, இருபது, ஒன்றுமில்லை. 60 தாண்டியது. 71-ஆவது நொடியில் திரையில் ஒரே ஒரு வரி: "இல்லை".

90 என்றாயே, 71-இல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் பிடுங்குவதற்கு 19 நொடி முன்பு கேட்வே கடைசியாகப் பேசியிருக்கிறது, கணக்கு அங்கிருந்து. கீப் அலைவ் 60 என்றால் சும்மா இருக்கும் கேட்வேக்கு இது சுமார் 30 முதல் 90 நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும்.

முக்கியமான ஒன்று. பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும். கேட்வேயின் பக்கத்தில் போய் ரீஸ்டார்ட்டை அழுத்தி, "உயில் வரவே இல்லை, இது வேலை செய்யவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முறையாக விடைபெற்றுப் போகிற கருவியின் உயிலைப் புரோக்கர் கிழித்துப் போட்டுவிடும். சொல்லிக்கொண்டு போகிறவருக்கு உயில் எதற்கு? விதியே அப்படித்தான். வைஃபை ஒரு நொடி ஆடினாலே "இல்லை" வந்து தொல்லை கொடுக்கிறது என்றால், ஐந்தாம் பதிப்பில் வில் டிலே இருக்கிறது. 30 நொடி என்று வைத்தால், அதற்குள் கேட்வே பழைய செஷனோடு, அதாவது விட்ட இடத்திலிருந்தே தொடரும்படி, திரும்பி வந்துவிட்டால் உயில் வெளியே வராது.

மோட்டார் விதியில் இப்போது இரண்டு வரி கூடியிருக்கிறது. நிலை "இல்லை" என்றால் ஓடுகிற மோட்டார் நிற்கும், நிற்கிற மோட்டார் கிளம்பாது. எது எப்படி இருந்தாலும் 40 நிமிடத்துக்கு மேல் ஓடாது. இந்தக் கடைசி வரியை உயில் இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள், சென்சாரே தப்பாகச் சொன்னால் அதைக் கண்டுபிடிக்க உயிலால் முடியாது.

பக்கத்து வீட்டு அக்காவின் மாடிப்படியை அன்று நானும் என் தம்பியும் துடைத்துக் கொடுத்தோம். உங்கள் வீட்டில் இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். எத்தனையாவது நொடியில் அந்த வரி வந்தது, உங்கள் கீப் அலைவ் எவ்வளவு, இரண்டையும் கீழே எழுதுங்கள். இரண்டு நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.