ஸ்டென்ட் வெச்சாச்சு, அதோட முடிஞ்சுதா?

வணக்கம் மக்களே, மூச்சு வாங்குற மாதிரி கேட்டா பயந்துடாதீங்க, நடந்துட்டேதான் பேசுறேன். நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம்னு ரீஹேப்ல, அதாவது ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் உடம்ப தேத்துற பயிற்சில இருந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்தாங்க. நான் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்குறேன், அது நாடித்துடிப்ப ஏற விடாது, அதனால கையில கட்டுற வாட்ச்ச பாத்து வேகத்த முடிவு பண்ணா தப்பாயிடும். என்ன மாதிரி ஆளுங்களுக்கு இந்தப் பேச்சு டெஸ்ட்தான் சரி.

எனக்கு அட்டாக் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க, அதாவது அடைச்ச இதய ரத்தக்குழாய தொறந்து வெக்கிற சின்ன வலைக்குழாய். டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது என் மனசுல என்ன ஓடுச்சுன்னா, குழாய்ல அடைப்பு இருந்துச்சு, எடுத்துட்டாங்க, இனி பழையபடி இருக்கலாம், அவ்ளோதான். ரெண்டு மாசம் அப்படியேதான் இருந்தேன். அப்புறம் ரிவியூக்கு போனப்போ டாக்டர் ஆஞ்சியோகிராம் படத்த, அதாவது இதய ரத்தக்குழாயோட எக்ஸ்ரே படத்த மறுபடியும் போட்டு, ஸ்டென்ட் வெச்ச இடம் இது, சரி, இப்ப மத்த இடத்தையெல்லாம் பாருங்கன்னாங்க. பாத்தா அங்கங்க 30, 40 சதவீதம் கொழுப்பு படிஞ்சு கிடக்கு. அதுக்கெல்லாம் ஸ்டென்ட் வெக்க மாட்டாங்களாம். பெரிய அடைப்புதான் அட்டாக்க கொண்டுவரும்னு நெனச்சிட்டு இருந்தேன், அப்படி இல்ல, சின்ன படிவு கூட மேல்தோல் கிழிஞ்சு அங்க ரத்தம் உறைஞ்சிடுச்சுன்னா குழாய் சில நிமிஷத்துல மூடிக்கும். ஸ்டென்ட் பாக்குறது அந்த ஒரு சின்ன இடத்த மட்டும். மிச்ச குழாய் முழுக்க நம்ம மாத்திரையும் நம்ம பழக்கமும்தான் பாத்துக்கணும், இத சொல்லத்தான் இன்னிக்கி வீடியோவே.

சிகரெட்லருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது அதுதான். நாளைக்கு பத்து அடிச்சிட்டு இருந்தவன் ரெண்டுக்கு கொண்டு வந்துட்டேன், அது போதும்னு சத்தியமா நம்புனேன். 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு ஒன்னு இருக்கு, ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இதயத்துக்கு கூடுதலா வர்ற ஆபத்துல பாதி கிட்டத்தட்ட ஒரே ஒரு சிகரெட்லயே வந்துடுது. படிச்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு. குறைச்சா போதாது, மொத்தமா விட்டாதான் உண்டு. நிகோடின் சூயிங்கம் எடுத்துதான் விட்டேன், டாக்டர கேட்டுட்டுதான் எடுத்தேன், நீங்களும் கேட்டுட்டு எடுங்க.

நடை பத்தி ஒரு பழைய கதை சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டன்ல ஜெரமி மோரிஸ்னு ஒரு டாக்டர், 1953ல ஒரு ஆய்வ வெளியிட்டார், ரெட்டை மாடி பஸ்ல டிரைவரா இருக்குறவங்களயும் கண்டக்டரா இருக்குறவங்களயும் ஒப்பிட்டுப் பாத்தார், ஒரே பஸ்தான், ஒருத்தர் நாள் முழுக்க உக்காந்திருக்கார், இன்னொருத்தர் படி ஏறி ஏறி இறங்குறார், கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. ஜிம்மும் கிடையாது ஒன்னும் கிடையாது, படிக்கட்டு அவ்ளோதான். வாரத்துக்கு 150 நிமிஷம்னு சொல்றாங்கல்ல, அத பாத்து மலைச்சுப் போகாதீங்க. நான் தொடங்குனது வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம். இப்ப 30 நிமிஷம், வாரத்துல அஞ்சு நாள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன், சமையல்ல போடுறது பாக்கெட்ல ஒளிஞ்சிருக்குறது எல்லாம் சேத்து. லேபிள்ல சோடியம்னு போட்டிருந்தா அத ரெண்டரையால பெருக்குங்க, அதுதான் உப்பு அளவு. மூணு நாலு வாரம் சப்புன்னுதான் இருக்கும், அப்புறம் நாக்கு பழகிடும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்ப மட்டும் டாக்டர கேக்காம தொடாதீங்க, கிட்னி பிரச்சினை இருந்தாலோ சில பிபி மாத்திரை எடுத்தாலோ அது ஆபத்து.

இப்ப நான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன். பழக்கத்த மாத்திட்டேன், மாத்திரைய நிறுத்திடலாமான்னு யோசிக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரைய நாமளா நிறுத்துனா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கலாம். என் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 142 இருந்துச்சு, டாக்டர் வெச்ச இலக்கு 55க்கு கீழ, சாப்பாட்ட மட்டும் மாத்தி அவ்ளோ தூரம் இறக்கியிருக்க முடியாது. ரெண்டும் வேணும்.

பயம்... அத யாருமே பேச மாட்டாங்க. ராத்திரி நெஞ்சுல ஒரு சின்ன சுருக்குன்னாலும் எழுந்து உக்காந்துடுவேன், மாசக்கணக்கா சரியான தூக்கமில்ல, யார்கிட்டயும் சொல்லல. அட்டாக்குக்கு அப்புறம் மனச்சோர்வு வர்றது சகஜம்னு நாலாவது மாசம்தான் தெரிஞ்சுது, கவுன்சிலிங் போனேன், அங்க போயி அழுதேன், அப்புறம்தான் நடையே ஒழுங்கா ஆரம்பிச்சுது. ஆனா நெஞ்ச அழுத்துற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுது, வேர்த்துக் கொட்டுதுன்னா அது பயமா வாய்வான்னு யோசிச்சிட்டு உக்காராதீங்க, உடனே ஆம்புலன்ஸ், நீங்களே வண்டி ஓட்டிட்டு போகக்கூடாது. நான் ரெண்டு மணி நேரம் வாய்வுன்னு நெனச்சு உக்காந்திருந்தேன், அந்த ரெண்டு மணி நேரத்துல போன தசை திரும்ப வரல.

சரி, வேகத்த குறைக்கிறேன், கடைசி அஞ்சு நிமிஷம் மெதுவாதான் நடக்கணும், சட்டுனு நின்னா பிபி இறங்கி தலை சுத்தும். அடுத்த வீடியோல பாக்கெட் லேபிள் எப்படி படிக்கிறதுன்னு ஒவ்வொன்னா எடுத்துக் காட்டுறேன்.