வட்டமாக வரைந்த புட்டா தறியில் ஏன் நீளுகிறது? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். புட்டா என்றால் துணியில் இடம் விட்டு விட்டு வரும் சின்ன உருவம். அதைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஜக்கார்டு பெட்டி வைத்த சின்னத் தறியில் பட்டு ஸ்டோல் நெய்கிறேன். கிராஃப் தாளில் வட்டமாக வரைந்த புட்டா, துணியில் முட்டை மாதிரி நீளமாக வருகிறது. அட்டை குத்தியவர் தப்பு செய்துவிட்டாரா, இல்லை என் கை சரியில்லையா?"

இரண்டும் இல்லை. பெரும்பாலும் கிராஃப் தாள்தான் காரணம். கடையில் வாங்கும் தாளில் கட்டம் சதுரமாக இருக்கும். துணியில் அப்படி இருக்காது. ஜக்கார்டு பெட்டியில் துளை குத்திய ஒவ்வொரு அட்டையும், எந்தக் கொக்கி நூலைத் தூக்க வேண்டும் என்று சொல்லும். பாவு நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே போகும் நூல். உங்கள் படத்தில் குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஒரு கொக்கி, அதில் தொங்கும் பாவு நூல். மேலே ஒரு கட்டம் என்றால் ஒரு அட்டை, அதாவது ஒரு ஊடை. ஒரு அங்குலத்தில் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்பது இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சதுரக் கட்டம் சரிப்படும். பட்டில் அது அபூர்வம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அச்சில், அதாவது பாவைப் பிரித்து வைத்து ஊடையை அடிக்கும் சீப்பில், அங்குலத்துக்கு 80 நூல், 40 அங்குல அகலம். மொத்தம் 3,200 இழை. நெய்ததும் துணி குறுகி 38 அங்குலம் ஆகிறது என்று வையுங்கள். இப்போது அங்குலத்துக்கு 84 பாவு. ஊடை 63 விழுகிறது. ஒரு அங்குல வட்டம் வேண்டும் என்றால் குறுக்கே 84 கட்டம், உயரத்தில் 63 கட்டம். நீங்கள் 84க்கு 84 வரைந்திருப்பீர்கள். 84 ஊடை விழுந்து முடிய ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல், சரியாகச் சொன்னால் 1.33 அங்குலம் ஆகிவிடும். அதுதான் உங்கள் முட்டை.

நான் தறியில் உட்கார்ந்த புதிதில் அன்னப்பட்சி வரைந்தேன். துணியில் வந்தது நீளக் கழுத்தும் நீளக் காலுமாக ஒரு கொக்கு. அப்பா திட்டவில்லை. அந்தத் துண்டை வெட்டித் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, பூதக்கண்ணாடியை வைத்து "எண்ணு" என்றார். அன்றைக்குக் கற்றதைத்தான் இன்றைக்கும் செய்கிறேன். ஆகவே முதலில் ஒரு சாண் சும்மா நெய்யுங்கள். தறியில் வைத்து அளக்காதீர்கள், அங்கே பாவு இழுத்த இழுப்பில் இருக்கும். கழற்றி, நனைத்து, உலர்த்தி, தேய்த்த பிறகு எண்ணுங்கள். அப்புறம்தான் பென்சிலைத் தொட வேண்டும்.

இன்னொன்று. இரண்டு நூல் சேர்த்து ஒரு கொக்கியில் கட்டியிருந்தால், 84 நூலுக்கு 42 கட்டம்தான். எண்ண வேண்டியது கொக்கியை. சரிகைப் புட்டாவுக்குத் தனி ஊடை விட்டால், அந்தச் சரிகை ஊடை அங்குலத்துக்கு எத்தனை என்று பாருங்கள். இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

குத்திய அட்டையை வீணாக்க மனமில்லை என்றால், நாலுக்கு ஒரு அட்டையை எடுத்துவிடலாம். 84 அட்டை 63 ஆகிவிடும். ஆனால் வளைவின் ஓரம் பல் பல்லாகத் தெரியும். இலை, மாங்காய் என்றால் கண் ஏமாறும், வட்டம் ஏமாறாது. எனக்கு மனசு ஒப்பாது, புதிதாக வரைந்துவிடுவேன்.

ஓங்கி அடித்து 84 ஊடையை அங்குலத்துக்குள் நெருக்கலாமே என்று கேட்பீர்கள். புடவை அதைத் தாங்கும். ஸ்டோல் கழுத்தில் வழிந்து விழ வேண்டிய துணி. நெருக்கினால் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். தயவு செய்து வேண்டாம்.

சரி, முதல் புட்டா வட்டமாக வந்து, பத்தாவது நீண்டால் அப்போது கையைப் பார்க்க வேண்டும். நெய்த துணியை இரண்டு மூன்று விரல் அளவுக்கு ஒருமுறை சுற்றிக்கொள்ளுங்கள். நிறைய விட்டுச் சுற்றினால் அச்சு வந்து மோதும் இடம் மாறி, அடியும் மாறும். மழை நாளில் பட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாவின் இறுக்கமும் மாறிவிடும். காஞ்சிபுரத்தில் மழைக்குத் தறிக்குழியிலேயே தண்ணீர் ஊறும், அன்றைக்கு நாங்கள் தறியில் இறங்குவதில்லை. ஒரு காகிதப் பட்டையில் புட்டாவின் உயரத்தைக் குறித்து மடியில் வைத்திருங்கள். ஒவ்வொரு புட்டா முடிந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நூல் அளவு கூடினாலும் உடனே தெரிந்துவிடும்.

அந்த ஒரு சாண் துண்டை எண்ணிவிட்டு, மேலே ஸ்கேல் வைத்துப் போட்டோ அனுப்புங்கள் சகோதரி. கட்டத்தை எப்படிப் போடுவது என்று அடுத்த வீடியோவில் உங்கள் எண்ணிக்கையை வைத்தே வரைந்து காட்டுகிறேன்.