சுரைக்காயை யார் திருப்பிக் கொடுப்பது?

(கொழும்பு வெள்ளவத்தையில் பேசியது. பேச்சில் நீண்டுபோன இடங்களை எழுத்திலும் குறைக்கவில்லை.)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வர்த்தகப் பெருமக்களே, சிற்றுண்டி ஏற்பாடு செய்த மகளிர் அணியினரே, வணக்கம். பாராளுமன்ற உறுப்பினர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறாராம். காலி வீதி நெரிசல் நமக்குத் தெரியாததா? அவருடைய கதிரைக்கும் ஒரு வணக்கம்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது." இந்தப் பழமொழியை இனி மேடையில் சொல்லக்கூடாது என்று வீட்டில் தடை. தடை போட்டவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரச பல்கலைக்கழகம் ஒரு கிராமப் பிரதேசத்தின் பொருளாதாரத்துக்கு என்ன செய்கிறது என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். முதலாவது, அது கொண்டுவரும் காசு. இரண்டாவது, அது கொண்டுவரும் அறிவு. மூன்றாவது, அங்கே படித்து வெளியேறும் பிள்ளைகள்.

நான் வங்கிக்காரன், அதனால் காசு முதலில். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் போனால் வந்தாறுமூலை வரும். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அப்படி ஒன்று ஓர் ஊருக்கு வந்தால், அறை வாடகை, இடியப்பக் கடை, போட்டோக் கொப்பிக் கடை, முச்சக்கரவண்டி என்று ஊருக்குள் காசு புழங்கும். 2020 இல் கொரோனாவுக்குப் பல்கலைக்கழகங்களை மூடியபோதுதான் சுற்றியிருந்த கடைக்காரருக்கு அந்தக் காசின் அளவு விளங்கியது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் சம்பளத்தில் ஒரு பகுதி கொழும்புக்கு ஏறிவிடுகிறது. சிரிக்கிறீர்கள். அந்த பஸ் வந்து நிற்கிற இடம் எது? வெள்ளவத்தைதானே!

சரி, அறிவுக்கு வருவோம். அமெரிக்காவில் 1862 இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், விவசாயமும் பொறியியலும் படிப்பிக்கும் கல்லூரிகளை அமைக்க மாநிலங்களுக்கு அரச காணி கொடுத்தார்கள். அப்போதும் ஏட்டுச் சுரைக்காய்தான். 1914 இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, அந்தக் கல்லூரிகளின் ஆராய்ச்சியைக் கமக்காரரின் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சொல்ல ஆட்களை வைத்தார்கள். அதற்கு 52 வருடம் எடுத்தது. நம் நாட்டில் இந்த இரண்டு வேலையும் இரண்டு வீட்டில் இருக்கின்றன. ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. ஊருக்குச் சொல்வது விவசாயத் திணைக்களத்தின் போதனாசிரியரின் வேலை. நடுவில் ஒரு வேலி.

வேலி என்றதும் என் பெரியம்மாவின் கதை ஞாபகம் வருகிறது. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் செம்பாட்டுத் தோட்டம், சின்ன வெங்காயம். 2017 இல் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து (எது என்று கேட்காதீர்கள்) நான்கு பிள்ளைகள் வந்தார்கள். ஆறு பக்கக் கேள்விக்கொத்து, அதுவும் ஆங்கிலத்தில். ஒரு பிள்ளை பார்த்துப் பார்த்துத் தமிழில் கேட்கிறாள். "ஆச்சி, எத்தனை பரப்புக் காணி செய்யிறியள்?" பெரியம்மா பாதியைச் சொன்னார். "வருமானம்?" "ஒண்டும் இல்லை பிள்ளை." "ஆடு?" "ஆடும் இல்லை." அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்த சமுர்த்திக் காசை வெட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பயம். சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்குப் பின்னால் நின்ற கிடாய் கத்தத் தொடங்கிவிட்டது. ஒரு தரம் இல்லை, ஏழெட்டுத் தரம். பெரியம்மா முகத்தை மாற்றவே இல்லை. அந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. "ஆடு இல்லை, சத்தம் உண்டு" என்று எழுதிக்கொண்டாள். அவளும் ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையாம். அப்புறம் பாத்தியில் மண்ணையும் கிணற்றில் தண்ணீரையும் எடுத்தார்கள். மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறியோடு சோறு. போய்விட்டார்கள்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் உர விலை எங்கேயோ போய்விட்டது. பெரியம்மா டெலிபோனில் கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளையள் கொண்டுபோன மண் என்ன சொன்னதாம்?"

நான் தேடிப்போனேன். பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் பிள்ளையின் ஆய்வேடு, கறுப்பு மட்டை, பொன் எழுத்து. முழுக்க ஆங்கிலம். பெரியம்மாவின் பாத்தி அதில் ஓர் இலக்கமாக இருந்தது. அந்த மண்ணில் பொசுபரசு ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. அந்த உரத்தைச் சில போகத்துக்குப் போடாமலே விடலாம். கிணற்று நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் தண்ணீர். பாத்தியில் மிஞ்சிய யூரியாவும் நைத்திரேற்றாகி அதோடு இறங்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் வீட்டில் குடித்தார்கள். நாலு வருடமாக உரத்துக்கும் காசு கொடுத்து, அந்தத் தண்ணீரையும் குடித்து! விடை இருந்தது, அலுமாரிக்குள். ஏட்டுச் சுரைக்காய் என்றால் இதுதான். கொடி பெரியம்மாவுடையது, காய் மட்டும் ஏட்டில்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பிக் கொண்டுபோய்க் கொடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. விரிவுரையாளருக்கு மதிப்பு ஆங்கில ஆய்விதழில் வரும் கட்டுரையில்தான் கிடைக்கிறது. தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

ஆகவே என் கோரிக்கை. இதைத்தான் இரண்டு வருடமாகப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கிராமத்தில் செய்யும் ஒவ்வோர் இறுதி ஆண்டு ஆய்வுக்கும், புள்ளி போடுவதற்கு முன், ஊர்மொழியில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். நம் பக்கம் தமிழ், மொனராகலையில் சிங்களம். ஒரு பிரதி மண் கொடுத்தவர் கையில், இன்னொன்று கமநல சேவை நிலையச் சுவரில். கட்டடம் கேட்கவில்லை, வாகனம் கேட்கவில்லை. இரண்டு தாள் கேட்கிறேன். கிளிநொச்சியில் 1990 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் தொடங்கி, யுத்தத்தில் இடம்பெயர்ந்து, மறுபடி அதே மண்ணுக்கு வந்திருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 இல் ஆரம்பித்ததே தேயிலை போன்ற நம் வளங்களுக்குப் பெறுமதி சேர்க்கத்தான். அந்தப் பெறுமதியில் கொழுந்து பறிக்கும் கைக்கும் இரண்டு தாள் போகட்டும்.

மூன்றாவது, பிள்ளைகள். அனுமதியில் 5 வீதம் வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்குகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்று பேச நினைத்தேன். மணி அடித்துவிட்டது.

வாசல் மேசையில் கடதாசி இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் மூதவைகளுக்கு, அதாவது செனற் சபைகளுக்கு, அனுப்பப்போகும் கடிதம். பேனை இல்லாதவர்கள் பேராசிரியர் ஐயாவிடம் வாங்கலாம், அவர் சட்டைப்பையில் மூன்று இருக்கிறது. அதோ, பாராளுமன்ற உறுப்பினர் வந்துவிட்டார். தம்பி, அவருக்குக் கதிரையைப் பிறகு காட்டலாம், முதலில் அந்த மேசையைக் காட்டு.