உரிக்காமலே பெயின்ட் அடித்தாயிற்று!

வணக்கம் மக்களே! என்னைப் பார்க்காதீர்கள், எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். போன வீடியோ வரைக்கும் அங்கே தங்கக் கொடியும் பூவுமாக, கல்யாண மண்டபத்து மேடை மாதிரி ஒரு வால்பேப்பர் மின்னிக்கொண்டிருந்ததே, அது எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அதன் மேலேதான் இந்த வெள்ளை.

"முதலில் உரி, அப்புறம் அடி" என்று பாதிப் பேர் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு மூலையை உரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். இங்கே டெல்லி மயூர் விஹார் ஃபிளாட்களில் சுவருக்குப் பட்டி பார்த்து, அதாவது மாவு மாதிரிப் பூச்சால் சமப்படுத்தி, அதன் மேல் வால்பேப்பரை ஒட்டிவிடுகிறார்கள். பசை நன்றாகப் பிடித்திருந்தால், காகிதத்தை இழுக்கும்போது பட்டியும் தகடு தகடாகக் கூடவே வந்துவிடும். அப்புறம் சுவர் முழுக்கப் புதுப் பட்டி, உப்புத்தாள், வீடெல்லாம் மாவுத் தூசி. வாடகை வீட்டுக்கு அவ்வளவு சேவை நான் செய்ய மாட்டேன்.

வால்பேப்பர் மேல் பெயின்ட் என்றாலே சோம்பேறி வேலை என்கிறீர்கள். ஜெர்மனியில் ராவ்ஃபாசர் என்று மரத்தூள் கலந்த காகிதம் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டுவதே மேலே பெயின்ட் அடிக்கத்தான், வருஷங்கள் கழித்து அதன் மேலேயே திரும்பவும் அடிப்பார்கள். இங்கிலாந்தில் 1712-இல் அச்சடித்த சுவர்க் காகிதத்துக்கு வரி போட்டார்கள். சனங்கள் என்ன செய்தார்கள்? வெறும் காகிதத்தை வாங்கி ஒட்டிவிட்டு, சுவரிலேயே கையால் பூ வரைந்துகொண்டார்கள். 1836-இல்தான் அந்த வரி ஒழிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த திருட்டுத்தனம் இது.

ஆனால் அவையெல்லாம் பெயின்ட்டை வாங்கிக்கொள்ளும் வெறும் காகிதம். நம் வீட்டில் இருப்பது வினைல், மேலே பிளாஸ்டிக் வழவழப்பு. அதனால் இங்கே எல்லாமே பிரைமரில், அதாவது பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சில்தான் இருக்கிறது. தண்ணீர் பிரைமர் அடித்தால், ஒட்டுகள் வழியாகவும் கிழிசல் வழியாகவும் ஈரம் உள்ளே போய்ப் பழைய பசையை இளக்கும், காகிதம் குமிழ் குமிழாக எழும்பும். ஆயில் பிரைமரில் அந்தத் தொல்லை இல்லை. பழைய பூவின் சாயம் மேலே கசியாமலும் அது தடுக்கும். தெருமுனைக் கடைக்காரரோ "வாட்டர் பேஸ்தான் இப்போது எல்லாரும் வாங்குகிறார்கள்" என்று டப்பாவை என் கையிலேயே திணிக்கிறார். எல்லாரும் சிமென்ட் சுவருக்கு வாங்குகிறார்கள் அண்ணா, என் சுவர் சிமென்ட் இல்லையே!

சரி, இப்போது ரோலர் கதை. தெருமுனையில் ஒரு குட்டி ஃபோம் ரோலர் 180 ரூபாய். எனக்கு மனசு வரவில்லை. பழைய டெல்லி சாவ்ரி பஜாருக்கு மெட்ரோவில் கிளம்பிவிட்டேன். ராஜீவ் சௌக்கில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் இரண்டாவது ஸ்டேஷன். ஏறி மேலே வந்தால் ஒரு பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கடைகள், இன்னொரு பக்கம் ஹார்டுவேர். நடுவில் கட்டுக்கட்டாக வால்பேப்பரும் விற்கிறார்கள், முறைத்துவிட்டு வந்தேன். அங்கே அதே ரோலர் 95 ரூபாய்! அதே கைப்பிடி, அதே சிவப்பு மூடி. மெட்ரோ கட்டணத்தைக் கழித்துப் பார் என்று வீட்டில் சொன்னார்கள். கழிக்க மாட்டேன். அக்ரிலிக் பட்டி டப்பாவும் உப்புத்தாளும்கூட அங்கேயே வாங்கினேன். பிரைமரையும் அதை இளக்கும் டர்பன்டைனையும் வாங்கப் போனபோதுதான் உறைத்தது, எரியும் பொருள் எதையும் மெட்ரோவில் கொண்டுபோகக் கூடாது. ஆட்டோவில் வந்தால் ரோலரில் மிச்சம் பிடித்தது அம்போ. ஆகவே அந்த இரண்டும் திரும்பவும் தெருமுனை அண்ணாவிடம். அவர் சிரித்த சிரிப்பை மறக்க மாட்டேன்.

வேலைக்கு வருகிறேன். ஜன்னல் ஓரத்தில் போன கோடையில் கூலர் ஈரக்காற்று அடித்து அடித்துக் காகிதத்தின் ஓரம் தூக்கியிருந்தது. அங்கே ஃபெவிகால் தடவி அழுத்தி, ஒரு இரவு விட்டேன். குமிழ் இருந்த இடத்தில் பிளேடால் சின்னதாகக் கீறி, ஊசி இல்லாத சிரிஞ்சால் பசையை உள்ளே விட்டேன். பிறகு 150 நம்பர் உப்புத்தாளால் சுவர் முழுக்க லேசாகத் தேய்த்தேன். பளபளப்பு போனால் போதும், கிழியக் கூடாது. தூசியைத் துடைத்துவிட்டுப் பிரைமர் ஒரு கோட். இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். தேய்ப்பதற்கு முன்னாலேயே மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டு மூடிகளைக் கழற்றியாயிற்று. அதைச் சுற்றிப் பிரஷை வைத்துக் கோலம் போடும் ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பட்டி எப்போது என்று கேட்பீர்கள். பிரைமர் காய்ந்த பிறகுதான். பட்டியிலும் தண்ணீர் இருக்கிறது, நேராகக் காகிதத்தில் வைத்தால் அது ஊறும். காகிதத் துண்டுகள் சேரும் அந்த நேர்க்கோடுகளின் மேல் மெல்லிசாக இழுத்து, காய்ந்ததும் தேய்த்து, பட்டி பட்ட இடத்துக்கு மட்டும் இன்னொரு தடவை பிரைமர். அப்புறம் எமல்ஷன் பெயின்ட் இரண்டு கோட். 12க்கு 9 அடி, அதாவது 108 சதுர அடிச் சுவருக்கு ஒரு லிட்டர் போதுமானதாக இருந்தது. பளபளக்காத மேட் ஃபினிஷ்தான் எடுங்கள். பளபளப்பு எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும், ஆனால் இங்கே காரணமும் இருக்கிறது: காகிதம் சேரும் ஒவ்வொரு கோட்டையும் பளபளப்பு விளக்குப் போட்டுக் காட்டும். மேட் அடித்தும், சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒரே ஒரு கோடு தெரிகிறது. அலமாரியை அங்கே நகர்த்தியாயிற்று.

எல்லா வீட்டுக்கும் இது சரிப்படாது. சுவரில் ஈரம் ஊறியிருந்தால், பூஞ்சை வாடை வந்தால், பாதிக் காகிதம் ஏற்கெனவே தொங்கினால், உரிப்பதைத் தவிர வழியில்லை. புடைத்த டிசைன் என்றால் பெயின்ட்டுக்கு மேலும் அது தெரியும். இன்னொன்று, நாளைக்கு யாராவது இதை உரிக்க வந்தால் தண்ணீர் தெளித்து ஊற வைக்க முடியாது, பெயின்ட் அதைத் தடுத்துவிடும். முதலில் கீறிவிட்டுத்தான் ஊற வைக்க வேண்டும். வீட்டுக்காரம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லிவிட்டேன். "நீ காலி பண்ணும்போது சுவர் சுவராக இருந்தால் போதும் பேட்டா" என்றார்.

ஆயில் பிரைமர் வாடை லேசில் போகாது. ஜன்னல் எல்லாம் திறந்து, அன்று இரவு ஹாலில்தான் படுத்தேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்களை ஓரிரு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள். மார்ச் மாத டெல்லிக் காற்றுக்கு எனக்குச் சீக்கிரமே காய்ந்தது.

அடுத்த வீடியோ பால்கனிப் புறாக்கள். வலை விலை கேட்டிருக்கிறேன், மூன்று கடையில் மூன்று விலை சொல்கிறார்கள்.