முதலில் பாதத்தைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. டைனோசர் பொம்மையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் பார்ப்பது அதன் வாயைத்தான். பல் கூராக இருக்கிறதா, வாய் திறந்து மூடுகிறதா என்று பார்த்துவிட்டு விலையைக் கேட்போம். அதற்கு முன்னால் பொம்மையைக் கவிழ்த்துப் பாதத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வாயைச் செதுக்குவதில் எந்தக் கம்பெனியும் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை, பெட்டிப் படத்தில் அதுதானே தெரியும்! செதுக்கியவர் எலும்புக்கூட்டின் படத்தையாவது பார்த்தாரா என்பதைப் பாதம் காட்டிக்கொடுத்துவிடும். குழந்தை கையில் அது நிற்குமா, விழுமா என்பதும் பாதத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் டைனோசர் பொம்மை இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். நீளக் கழுத்துக்காரர்களில் இருந்து தொடங்குவோம்: பிராக்கியோசாரஸ், டிப்ளோடோகஸ் வகை. உங்கள் பொம்மையின் முன்னங்காலில் யானைக்கு இருப்பதுபோல வரிசையாக நான்கைந்து நகங்கள் இருக்கின்றனவா? இருந்தால், செதுக்கியவர் யானையைப் பார்த்துச் செய்திருக்கிறார். இவற்றின் முன்பாத எலும்புகள் தூண் மாதிரி செங்குத்தாக நிற்பவை. நகம் என்று இருந்தது கட்டைவிரலில் மட்டும், உள்பக்கமாக. பின்னங்காலில்தான் மூன்று பெரிய நகங்கள். நீளக் கழுத்துக்காரர்களிலேயே பிற்காலத்து டைட்டனோசார் வகைக்கு அந்தக் கட்டைவிரல் நகமும் இல்லாமல் போனது. நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து, 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் பெற்ற பெரிய விலங்கையும் இன்று டைட்டனோசார் என்றே பலர் கருதுகிறார்கள். கிடைத்தவை சில எலும்புகள்தான், அவையும் உதிர்ந்துபோயின. அந்தப் பெயரில் யாராவது பொம்மை விற்றால், உடம்பின் பெரும்பகுதி கற்பனை என்று தெரிந்தே வாங்குங்கள்.

ட்ரைசெரடாப்ஸுக்கு முன்னங்காலில் ஐந்து விரல், ஆனால் குளம்பு போன்ற நகம் உள்பக்கத்து மூன்றில் மட்டும். பின்னங்காலில் நான்கு. ஸ்டெகோசாரஸுக்குப் பின்னங்காலில் மூன்று விரல். இதன் முதுகுத் தகடுகளையும் ஒருமுறை மேலிருந்து பாருங்கள். இடமும் வலமும் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக ஜோடி ஜோடியாக நின்றால் தவறு. இரண்டு வரிசையும் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி வர வேண்டும். வால் நுனியில் நான்கு முட்கள், பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும். மலிவான பாக்கெட் பொம்மைகளில் தகடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே மதில் சுவர் ஆகிவிடும். அச்சிலிருந்து சுலபமாகக் கழற்ற வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம்.

இனி இரண்டு கால் விலங்குகள். உண்மைத்தன்மையும் விளையாட்டுத்தன்மையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இடம் இதுதான்.

டைரனோசாரஸ், அதாவது டி-ரெக்ஸ், வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கவில்லை. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1915-இல் அதன் எலும்புக்கூட்டை நிமிர்த்தி, வாலைத் தரையில் படும்படி நிறுத்தியது. அந்த உருவம்தான் பல பத்தாண்டுகள் பொம்மைகளை ஆண்டது. 1990-களில் அதே எலும்புக்கூட்டைக் கழற்றி, முதுகும் வாலும் தரைக்கு இணையாக வரும்படி மாற்றிப் பொருத்தினார்கள். இன்றைக்கு வால் தரையில் படும் டி-ரெக்ஸ் என்றால் நூறாண்டுப் பழைய கருத்து என்று பொருள்.

ஆனால் பொம்மை செய்பவரின் சங்கடத்தையும் பாருங்கள். உயிருள்ள விலங்கு எடையை இடுப்புக்கு அருகில் வைத்து, கனத்த வால் தசையால் தலையைச் சமன் செய்தது. பிளாஸ்டிக்கில் வார்க்கும்போது வால் நுனி மெலிந்து எடையற்றுப் போகிறது, பெரிய தலையோ கனமாகவே இருக்கிறது. பாதத்தைச் சரியான அளவில் செய்தால் பொம்மை மூக்குக் குப்புற விழும். இதற்கு மூன்று வழிகளைக் கையாள்கிறார்கள். வாலை வளைத்துத் தரையில் ஊன்றி மூன்றாம் காலாக்குவது ஒன்று. பாதத்தைப் பெரிதாக்குவது இன்னொன்று. ஜெர்மனியின் ஷ்லைக் பொம்மைகள் சிலவற்றில் இதைப் பார்க்கலாம். அடியில் ஒரு பீடம் வைப்பது மூன்றாவது.

அலமாரியில் வைக்கப்போகிறவர் பீடம் உள்ளதை வாங்கலாம். குழந்தைக்கு வேண்டாம். பீடத்தோடு ஓட முடியாது, பீடத்தைக் கழற்றினால் நிற்காது. குழந்தைக்கு என்றால், பெரிய பாதத்துக்கு நான் பத்துக்கு இரண்டு மதிப்பெண்தான் குறைப்பேன். வாலை ஊன்றிய பொம்மைக்கு ஐந்து குறைப்பேன், ஏனென்றால் அது முழு உடம்பின் நிலையையே கெடுத்துவிடுகிறது. கடையில் சோதிப்பதும் எளிது. கண்ணாடி மேசையில் நிறுத்துங்கள். பிறகு மடித்த துண்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். பாயிலும் மெத்தையிலும்தான் குழந்தை விளையாடும், கண்ணாடி மேசையில் இல்லை.

வாங்கும்போது நின்ற பொம்மை ஒரு கோடைக்குப் பிறகு சாய்வதும் உண்டு. மென்மையான பி.வி.சி. வெப்பத்தில் இளகும், மேலே உள்ள எடை கணுக்காலை மெதுவாக வளைத்துவிடும். வெயில் விழும் ஜன்னல் ஓரமும் பூட்டிய காரும் இதற்கு எமன். சாய்ந்ததைச் சரிசெய்யலாம். நன்றாகச் சூடான, ஆனால் கொதிக்காத நீரில் காலை மட்டும் ஒரு நிமிடம் முக்குங்கள். வெளியே எடுத்து, வேண்டிய நிலைக்குச் சற்று அதிகமாகவே எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்தபடி ஐஸ் நீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும் குணம் பிளாஸ்டிக்குக்கு உண்டு, அதனால்தான் அந்த அதிகப்படி. இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பேட்டரி வைத்த பொம்மைக்கும், பாலிரெசின் சிலைக்கும் இது ஆகாது. ரெசின் வளையாது, உடையும்.

பாதம் முடிந்தது, கைக்கு வாருங்கள். டி-ரெக்ஸுக்கு இரண்டு விரல். உள்ளங்கைகள் கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்க்க வேண்டும். தரையைப் பார்த்துத் தொங்கினால் தவறு, அந்த மணிக்கட்டு அப்படித் திரும்பாது. வெலாசிராப்டருக்குக் காலின் இரண்டாம் விரலில்தான் அரிவாள் நகம். அது தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும், மீதி இரண்டு விரலில்தான் அது நடந்தது. அதன் முன்கை எலும்பில் இறகுகள் பொருந்திய மேடுகள் இருந்ததை 2007-இல் காட்டினார்கள். ஆகவே இறகே இல்லாத வெலாசிராப்டர், எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும், சினிமா மிருகம்தான். டி-ரெக்ஸ் கதை வேறு. 2017-இல் அதன் கழுத்து, இடுப்பு, வால் பகுதித் தோல் பதிவுகளை ஆராய்ந்தபோது கிடைத்தது செதில். உடம்பெல்லாம் இறகு போர்த்திய டி-ரெக்ஸ் பொம்மைகள் அதோடு பழசாகிவிட்டன.

இதனால்தான் வயிற்றிலோ உள்ளங்காலிலோ பொறித்திருக்கும் ஆண்டைப் பாருங்கள் என்கிறேன். 2014-இல்தான் ஸ்பைனோசாரஸின் பின்னங்கால்கள் குட்டை என்ற கருத்து வந்தது. 2020-இல்தான் அதன் வால் துடுப்பு போல அகன்றது என்று தெரிந்தது. 2010-ஆம் ஆண்டுப் பொம்மையை அதற்காகக் குறைசொல்வது நியாயமில்லை. இன்று புதிதாக வார்த்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. நிறத்தில் நான் தாராளமாக இருப்பேன். சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்ததை 2010-இல் கண்டார்கள். இப்படி நிறத்துக்குச் சான்று உள்ளவை மிகச் சிலவே. மற்றதெல்லாம் ஓவியர் விருப்பம்.

அளவு விஷயத்துக்கு ஒரு நூல் போதும். மூக்கு நுனியிலிருந்து முதுகெலும்பு வழியே வால் நுனி வரை நூலை ஓட்டி அளந்து, அதனால் உண்மையான நீளத்தை வகுங்கள். டி-ரெக்ஸ் சுமார் 12 மீட்டர், பொம்மை 30 சென்டிமீட்டர் என்றால், விகிதம் நாற்பதில் ஒன்று. 1988 முதல் 2015 வரை அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் வெளியிட்ட கார்னெகி வரிசை இந்த விகிதத்தைத்தான் குறிவைத்தது. அதே விகிதத்தில் ட்ரைசெரடாப்ஸ் 20, 22 சென்டிமீட்டர் வரும். இரண்டு மீட்டர் வெலாசிராப்டர் வெறும் ஐந்து சென்டிமீட்டர்தான். மனிதன் நாலேகால். ஒரே பெட்டியில் எல்லாமே 15 சென்டிமீட்டராக வரும் செட்டில் வெலாசிராப்டரும் டி-ரெக்ஸும் சம உயரத்தில் மோதிக்கொள்ளும். குழந்தை அதைப் பொருட்படுத்தாது என்பார்கள். ஐந்து வயதுக்கு மேல் பொருட்படுத்தும், "இது அதோட குட்டியா?" என்று கேட்கும்.

விளையாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், முதலில் சும்மா நிற்கும் தோற்றம். வாயைப் பிளந்து கர்ஜித்தபடியே வார்த்த பொம்மைக்கு ஒரே வேலைதான் உண்டு. வாய் மூடி, தலை சற்றே திரும்பியது தூங்கும், மேயும், ஒளிந்துகொள்ளும், சண்டையும் போடும். அசையும் தாடை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, ஆனால் ஆணி தளர்ந்தால் தாடை தொங்கிப்போகும். பத்து இருபது முறை திறந்து மூடி, விட்ட இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். உடம்பு ஒரு சிறுவனின் பிடிக்குள் அடங்க வேண்டும். சாயம் முதலில் உரிவது கொம்பு நுனி, நகம், வால் நுனி மூன்றிலும்தான். ஈரமான வெள்ளைத் துணியால் அங்கே தேய்த்தால், நிறம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். பணம் குறைவாக இருந்தால் ஐந்து ஊனுண்ணிகளை வாங்காதீர்கள். ஒரே தாவர உண்ணியில் மூன்றும், ஊனுண்ணி ஒன்றும் வாங்குங்கள், கதை தானாக வரும். ஸ்டெகோசாரஸ் அழிந்து ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டு கழித்துத்தான் டி-ரெக்ஸ் வந்தது. தரையில் அவை சண்டை போட்டால் போடட்டும், அதில் தலையிட வேண்டாம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் துண்டு எதுவும் பொம்மையில் இருக்கக் கூடாது, விளையாட்டில் கழன்றும் வரக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் ராப்டர்களை அந்த வயதுக்குக் கொடுக்காதீர்கள். சத்தம் போடும் பொம்மையில் பட்டன் பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பழைய பொம்மை பிசுபிசுக்கிறது என்றால், மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் வெளியே கசிகிறது. சோப்பு நீரில் கழுவலாம், ஆனால் மறுபடி கசியும், அதை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் தர வேண்டாம். குளியலறைக்கு வாங்கினால், அமுக்கினால் பீய்ச்சும் துளை இல்லாததாக வாங்குங்கள். உள்ளே தங்கும் நீரில் கறுப்புப் பூஞ்சை வளரும், அதைத் தேய்த்துக் கழுவ வழியே இல்லை.