ஈஸ்ட் திரும்பத் திரும்ப வருதா? ரத்தத்தையும் பாருங்க

வணக்கம் மக்களே. இந்த லேப்ரடாரோட அக்குளைக் கிட்டக் காட்டுறேன். தோல் கருத்து, தடிச்சு, மடிப்பு மடிப்பா இருக்கு. தொட்டா எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு புளிச்ச வாடை. இது மலசீசியாங்கிற ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை. நல்லா இருக்கிற நாயோட தோல்லயும் இது இருக்கும். அதனால எங்கேருந்து தொத்துச்சுன்னு தேடாதீங்க, எது இதைப் பெருக விட்டுச்சுன்னு பாருங்க.

முதல்ல டாக்டர்கிட்ட டேப் டெஸ்ட். செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாத்தா நிலக்கடலை வடிவத்துல தெரியும். அப்புறம் 2% குளோர்ஹெக்சிடின், 2% மைக்கோனசோல் சேர்ந்த ஷாம்பு, வாரம் 2 தடவை, 3 வாரம். நுரையை 10 நிமிஷம் ஊற விடணும். உடனே அலசிட்டு மருந்து கேக்கலைன்னு சொல்றவங்கதான் நிறைய.

நிறுத்தினதும் மறுபடி வருதா? 3 வயசுக்குள்ளேயே அரிப்பு தொடங்கியிருந்தா பெரும்பாலும் அலர்ஜி. நடு வயசுல முதல் தடவையா வந்தா ஹார்மோனைப் பாக்கணும். தைராய்டு குறைஞ்சா, அதே சாப்பாட்டுக்கு எடை ஏறும், சோம்பிக் கிடக்கும், வால் முடி கொட்டும். கார்ட்டிசால்ங்கிற ஸ்டீராய்டு ஹார்மோன் கூடுற குஷிங் நோய்ல வயிறு தொங்கும், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும். தண்ணியை வீட்லயே அளங்க: அளந்து ஊத்தி, 24 மணி நேரம் கழிச்சு மிச்சத்தைக் கழிங்க. கிலோவுக்கு 100 மில்லி தாண்டினா, அதாவது 30 கிலோ நாய் 3 லிட்டருக்கு மேல குடிச்சா, டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்.

இப்ப முக்கியமான விஷயம். டி4, அதாவது தைராய்டு ஹார்மோன், மட்டும் கம்மின்னு ரிப்போர்ட் வந்ததுமே தைராய்டு மாத்திரை ஆரம்பிக்காதீங்க. வேற நோய் இருந்தாலும், ஸ்டீராய்டு போட்டிருந்தாலும் டி4 இறங்கும். ஃப்ரீ டி4 (ரத்தத்துல புரதத்தோட ஒட்டாம இருக்கிற டி4), டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) சேத்துப் பாக்கணும். அதுக்கு முன்னாடி, போட்ட ஊசி, மாத்திரை, கிரீம் எல்லாத்தையும் எழுதி டாக்டர்கிட்ட குடுங்க. மெடிக்கல்ல மனுஷங்களுக்குன்னு வாங்குற படர்தாமரை கிரீம் பலதுல குளோபெட்டசால்ங்கிற ஸ்டீராய்டு இருக்கு. தொடர்ந்து தடவினா அதுவே குஷிங்கைக் கொண்டு வரும், தயவுசெஞ்சு தடவாதீங்க. ஈஸ்ட்டுக்குக் குடுக்குற கீட்டோகோனசோல் மாத்திரையும் கார்ட்டிசாலைக் குறைக்கும், குஷிங் டெஸ்டைக் குழப்பிடும்.

தைராய்டு குறைவுதான்னு உறுதியாச்சுன்னா லெவோதைராக்ஸின்ங்கிற தைராய்டு மாத்திரை. வெறும் வயித்துல, தினமும் ஒரே நேரத்துல குடுங்க. ஆரம்பிச்ச 4லேருந்து 8 வாரத்துல, டோஸ் சரியான்னு பாக்க, மாத்திரை குடுத்து 4லேருந்து 6 மணி நேரத்துக்குள்ள ரத்தம் எடுக்கணும். முடி முழுசா வர சில மாசம் ஆகும். அதுவரைக்கும் ஷாம்புவை விட்டுடாதீங்க.