பணம் போய்ச் சேர்ந்ததா, இல்லையா?

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு வணக்கம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்கள் அன்றாடம் கையாளும் ஆர்பிசி, அதாவது 'ரிமோட் புரொசீஜர் கால்' பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

செம்பனை ஆலைக்கு லோரி வருகிறது, எடைமேடையில் ஏறுகிறது. எடையைப் பதிவது ஒரு சேவை, குலையின் தரம் பார்ப்பது ஒரு சேவை, தோட்டக்காரர் கணக்கில் வெள்ளியை வரவு வைப்பது இன்னொரு சேவை. மூன்றும் தனித்தனிக் கணினியில் ஓடினாலும், எடைச் சேவை பணச் சேவையின் ஃபங்ஷனைத் தன் சொந்த ஃபங்ஷன் மாதிரியே கூப்பிடலாம். அதற்கு வழி செய்வதுதான் ஆர்பிசி. ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984-இல் இதை விரிவாக எழுதிவைத்தார்கள். இன்று பரவலாகப் புழங்குவது, கூகுள் 2015-இல் வெளியிட்ட ஜிஆர்பிசி.

அதில் வேலை, சேவைகள் பரிமாறும் தகவலின் வடிவத்தை எழுதிவைக்கும் புரோட்டோ கோப்பில் தொடங்கும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும், அதாவது தகவல் கட்டத்துக்கும், ஓர் எண் கொடுப்போம். நெட்வொர்க்கில் போவது அந்த எண்தான், பெயர் போகாது. ஒரு ஃபீல்டை நீக்கினால் அதன் எண்ணை 'ரிசர்வ்ட்' என்று பூட்டிவிடுங்கள். 3-ஆம் எண்ணில் கிலோ கணக்கு இருந்தது என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டு அதே எண்ணில் குலை எண்ணிக்கையை வைத்தால், இன்னும் மாற்றாத பழைய சேவை 420 குலையை 420 கிலோ என்று படிக்கும். இரண்டுமே முழு எண், ஆகவே எரர் வராது. தோட்டக்காரருக்குப் பணம் குறையும், அவ்வளவுதான் வெளியே தெரியும்.

அடுத்தது டெட்லைன், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் காலவரம்பு. நீங்களாக வைக்காவிட்டால் ஜிஆர்பிசி அழைப்புக்குக் காலவரம்பே கிடையாது. பணச் சேவை முடங்கினால் எடைச் சேவையும் காத்துக் கிடக்கும், லோரி வரிசை நீளும். 2 வினாடி கொடுத்து, தரம் பார்ப்பதில் 600 மில்லிவினாடி போய்விட்டால், பணச் சேவைக்கு மிச்சம் 1,400 மில்லிவினாடி. கோ நிரல்மொழியில், காலவரம்பைச் சுமந்து வந்த கான்டெக்ஸ்டையே அடுத்த அழைப்புக்குக் கொடுத்தால் இந்த மிச்சம் தானாகப் போகும். புதிதாக, காலவரம்பே இல்லாத பேக்ரவுண்ட் கான்டெக்ஸ்ட் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவதைக் கேளுங்கள். நேரம் கடந்ததும் 4-ஆம் எண் ஸ்டேட்டஸ், 'டெட்லைன் எக்ஸீடட்', வரும். வேலை நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. பணம் வரவாகி, பதில் மட்டும் வழியில் தாமதித்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அழைத்தால் இரண்டு முறை வரவாகும். ஆகவே எடைச் சீட்டு எண்ணைக் கோரிக்கையோடு சேர்த்து அனுப்புங்கள். பணச் சேவையின் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு 'யூனிக்' கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இருமுறை பதிவாகாத விதி, இருக்கட்டும். அதே சீட்டு மறுபடி வந்தால் முதலில் கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கட்டும். இது இல்லாமல் பண விஷயத்தில் ரீட்ரை, அதாவது தானாக மறுபடி அழைக்கும் ஏற்பாடு, வைக்கவே கூடாது. வைத்தாலும் ஓர் அடுக்கில் மட்டும் வையுங்கள்: மூன்று அடுக்கும் தலா 3 முறை முயன்றால், ஏற்கெனவே திணறும் கடைசிச் சேவைக்கு 27 அழைப்பு போகும்.

பல கணினிகளில் சேவைகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. ஜிஆர்பிசி, எச்டிடிபி/2 என்ற இணையத் தொடர்பு விதிமுறையின் ஒரே இணைப்பை நெடுநேரம் பிடித்துக்கொண்டு எல்லா அழைப்பையும் அதிலேயே அனுப்பும். சேவையின் எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவான ஒரே முகவரி தரும் சாதாரண கிளஸ்டர்ஐபி சர்வீஸோ இணைப்பைத்தான் பிரித்துக் கொடுக்கும், அழைப்பைப் பிரிக்காது. அதனால் ஒரு பாட், அதாவது சேவையின் ஒரு பிரதி, வெந்துகொண்டிருக்கும், மற்றவை சும்மா இருக்கும். பாட் எண்ணிக்கையைக் கூட்டியும் பயன் இராது. 'குப்சிடிஎல் டாப் பாட்ஸ்' கட்டளை போட்டுப் பாருங்கள், சிபியு கணக்கில் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாட்டின் முகவரியையும் தரும் ஹெட்லெஸ் சர்வீஸுக்கு மாற்றி, அழைக்கும் பக்கமான கிளையண்டில், முறைவைத்துப் பிரிக்கும் 'ரவுண்ட் ராபின்' வையுங்கள். சர்வரில் 'மேக்ஸ் கனெக்‌ஷன் ஏஜ்' வைத்தால் பழைய இணைப்பு அவ்வப்போது மூடும், கிளையண்ட், முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸை மறுபடி கேட்டுப் புதிய பாட்களையும் கண்டுகொள்ளும். சேவைகள் பல மொழிகளில் இருந்தால் இதை, சேவைகளுக்கிடையே அழைப்பைப் பிரித்துக் கொடுக்கும் லிங்கர்டி என்ற மென்பொருளிடம் விட்டுவிடுவதே மேல்.

நன்றி, வணக்கம்.